பதினோரு நிமிடக் கோடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. வேறொரு வேலைக்குப் போன இடத்தில் கையில் மாட்டியது.

இயந்திரத்தில் வைரம் வளர்க்கும் ஒரு கம்பெனி தன் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு மலர் கொண்டுவர நினைத்தது. நகைக்கும் வைரம், கருவிகளுக்கும் வைரம், இரண்டையும் வளர்க்கிற கம்பெனி. அதற்கு முன் ஒரு குழாய்க் கம்பெனிக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கும் மலர் எழுதிக் கொடுத்தவன் நான். யாரையும் புண்படுத்தாமல் நூறு பக்கம் எழுதுவேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். கூப்பிட்டார்கள், போனேன். பழைய ஆட்களைப் பேட்டி எடுத்தேன். முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வைத்திருந்த பொருள்களுக்கு அட்டைக் குறிப்பும் நானே எழுதினேன்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வைரத் தகடு இருக்கிறது. சும்மா பார்த்தால் கண்ணாடித் துண்டு. பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் புற ஊதாக்கதிர் விளக்கு எரியும். தகட்டின் விளிம்பில் மெல்லிசாக ஓர் ஆரஞ்சுக் கோடு தெரியும். அதற்கு நான் எழுதிய குறிப்பு: “மூன்றாம் ஆண்டில் பம்ப் பழுதாகி இயந்திரம் பதினோரு நிமிடம் நின்றபோது விழுந்த கோடு. தோல்வியிலும் கற்றோம்.” கடைசி வாக்கியத்துக்காக முதலாளி என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் கேன்டீனில் மூணாம் நம்பர் அக்கா என் எதிரே வந்து உட்கார்ந்தார். கம்பெனியில் மொத்தமே மூன்று இயந்திரங்கள் இருந்த காலத்தில் மூன்றாவதை ஓட்டியவர். இன்று இருநூற்று நாற்பது இயந்திரங்கள். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

“தம்பி, அந்த ரெக்கார்டரை அணைங்க” என்றார். அணைத்தேன். “அட்டையில எழுதியிருக்கீங்களே, அது தப்பு. பம்ப்ல ஒண்ணும் இல்ல. நான்தான் நிறுத்தினேன்.”

அந்தப் பம்பைப் பார்த்துக்கொண்டவர், பழி முழுவதையும் தலையில் வாங்கிக்கொண்டு மறுநாளே போய்விட்டவர், ஆண்டு விழாவுக்கு வரப்போகிறார். இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தன் பம்ப்தான் கெட்டது என்று அந்த மனிதர் இருபத்திரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார், பாவம். அவரிடம் உண்மையைச் சொல்வதா, வேண்டாமா? இதுதான் அக்காவின் கேள்வி. என்னிடம் கேட்டதற்குக் காரணம் நான் விவரமானவன் என்பதல்ல; மலர் வேலை முடிந்ததும் நான் கிளம்பிவிடுவேன் என்பதுதான்.

மலரில் போடமாட்டேன் என்றேன். கதையாக வேண்டுமானால் எழுதிக்கொள்ளச் சொன்னார். கதை என்றால் யாரும் நம்பமாட்டார்களாம். “ஆனா அவர்கிட்ட மட்டும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது” என்றார். தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்து உருவாகும் வைரத்தை இன்று மனிதன் சில வாரங்களிலேயே —

வேண்டாம். இது மலரின் நான்காம் பக்கம். கை பழகிவிட்டது.

இரண்டாம் முயற்சி: குமிழைத் தொட்டபோது அவள் விரல்கள் நடுங்கின. நெஞ்சுக்குள் ஏதோ —

நடுங்கவில்லையாம். போன் போட்டுக் கேட்டேன். “நடுங்கினா மெஷின் ஓட்ட முடியுமா தம்பி?” என்று திருப்பிக் கேட்டார்.

மூன்றாம் முயற்சி: அந்தக் கட்டடம் முன்பு ஐஸ் ஃபேக்டரியாக இருந்தது.

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை. அந்தக் கட்டடம் முன்பு ஐஸ் ஃபேக்டரியாக இருந்தது. தரையில் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள் மூடப்படாமலே கிடந்தன. சுவர்கள் ஒரு முழம் கனம். வெயில் காலத்தில் ஷிஃப்டில் இருப்பவர்கள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் டீ குடிப்பார்கள். கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டிதான் சாப்பாட்டு மேசை. ரேடியோ வைத்தால் பாட்டுக்குப் பதில் இரைச்சல்தான் வரும், இயந்திரங்கள் அப்படி. அதனால் பாடத் தெரிந்தவர்கள் பாடினார்கள், தெரியாதவர்களும் பாடினார்கள். புதுக் கட்டடத்தில் எல்லாம் இருக்கிறது, அந்தச் சுவரைத் தவிர என்று அக்கா சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் அதில் ஒரு தடவை சாய வேண்டும் போலிருந்தது. அந்தச் சுவரை நான் பார்த்ததே இல்லை.

(வைரம் வளர்ப்பதைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: பெரிய பிரஷர் குக்கர் அளவில் ஓர் இரும்புக் கலன். அதற்குள் விதை மாதிரி ஒரு சிறு வைரச் சீவல். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் பம்ப் உறிஞ்சிவிடும். பிறகு வாயுக்களை விட்டு மின்சக்தியை ஏற்றினால் சீவலுக்கு மேலே ஊதாநிறத்தில் ஓர் ஒளி உருண்டை நிற்கும். அந்த ஒளியில் வாயு உடைந்து, கரி மட்டும் சீவல்மேல் படியும். நாளொன்றுக்கு ஒரு தலைமுடியின் கனம்தான் வளரும். முடியும்வரை நிற்காமல் ஓட வேண்டும். அதை ‘ரன்’ என்பார்கள். நடுவில் நின்றால் மறுபடி ஏற்றலாம், தப்பில்லை. ஆனால் நின்ற இடத்தில் கோடு விழும். மோதிரக் கல்லில் அந்தக் கோடு யார் கண்ணுக்கும் தெரியாது. கருவிக்குள் போகிற கல்லில் அந்தக் கோடு இருந்தால் கல்லே உதவாது.)

இந்தக் கதையையும் நான் நாலைந்து தடவை நிறுத்தி நிறுத்தித்தான் எழுதினேன். நிறுத்திய இடங்களைத் தேய்த்து மறைக்கலாம் என்று பார்த்தேன். பிறகு, தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

3

ஆட்கள் மொத்தம் நான்கு. முதலாளி, பட்டை தீட்டுபவர், பம்ப்காரர், அவள்.

(இந்த இடத்திலிருந்து அக்காவை ‘அவள்’ என்று எழுதுகிறேன். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. கேன்டீனில் உட்கார்ந்திருக்கும்போது ‘அவர்’. அவருக்கும் இதில் ஆட்சேபணை இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் சந்தோஷம்தான்.)

முதலாளி இரவு ஷிஃப்டைத் தானே பார்ப்பார்; இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துக்கொள்வார். பகல் ஷிஃப்ட் இரண்டு. காலை ஆறிலிருந்து இரண்டு வரை அவள். இரண்டிலிருந்து பத்து வரை பம்ப்காரர். பட்டை தீட்டுபவர் காலையில் வந்து மாலையில் போவார். சக்கரம் ஓடும் சத்தத்தில் காது மந்தம். வாயசைவைப் பார்த்தே ஊர்க்கதை முழுவதையும் தெரிந்துகொள்வார்.

பம்ப்காரர் என்ற இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். அக்கா சொல்லச் சொல்ல அவர் நல்லவராகிக்கொண்டே போனார். கோபமே வராதாம். பம்பின் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, “இன்னும் நாலு நாள்ல இருமும்” என்பாராம். நாலாம் நாள் இருமுமாம். இப்படி ஒரு ஆளைக் கதைக்குள் விட்டால் வாசகர் என்னை உதைப்பார். ஒரு குறையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, டீயை உறிஞ்சும்போது சத்தம் வரும் என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த ஃபேக்டரியில் அவள் முதலாளியைத் தவிர எல்லாரையும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். பட்டை தீட்டுபவர் அண்ணன். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் அண்ணன். வாசலில் வண்டி நிறுத்தி வழி கேட்பவன்கூட அண்ணன். பம்ப்காரரை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். “இங்க பாருங்க”, “கேட்டீங்களா” என்று சுற்றி வளைப்பாள். காது கேட்காத பட்டை தீட்டுபவர்தான் இதை முதலில் கவனித்தார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து இரண்டு மணி ஆனால் சக்கரத்தை நிறுத்திவிட்டு வெளியே கை கழுவப் போய்விடுவார்.

4

இருவரும் ஒன்றாக இருந்தது நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம். ஷிஃப்ட் மாற்றும் நேரம். அதில் பாதி, பதிவேட்டில் எண்களைச் சரிபார்ப்பதில் போய்விடும். அழுத்தம், வெப்பம், வாயு, மின்சக்தி என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் ‘குறிப்பு’.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் எல்லாம் நடந்தது.

ஒருநாள் அவர் எழுதியிருந்தார்: “மூன்றாம் நம்பருக்குச் சளி. கஷாயம் கொடுத்திருக்கிறேன்.” பம்புக்கு எண்ணெய் மாற்றியதைத்தான் அப்படி எழுதினார். மறுநாள் அவள் எழுதினாள்: “நோயாளி நலம். வைத்தியரை விசாரித்தது.” முதலாளி மாதக் கடைசியில் பதிவேட்டைப் புரட்டுவார், எண்களை மட்டும்தான் படிப்பார். அதனால் துணிச்சல் வந்தது. “இன்று டீயில் சர்க்கரை இல்லை, யாரும் சொல்லவில்லை.” “நாளை எனக்கு லீவு, நோயாளியிடம் பொறுமையாகச் சொல்லவும்.” காதல் என்ற சொல்லோ, அதற்குப் பக்கத்து வீட்டுச் சொல்லோ அந்தக் கட்டத்தில் வந்ததே இல்லை. ஒன்றரை வருடம், நாளுக்கு ஒரு வரி. அவள் அதிகாலையில் வந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன் பதிவேட்டைத்தான் திறப்பாள். ஒளி உருண்டையின் வெளிச்சமே படிக்கப் போதும்.

[இந்தப் பதிவேடுகளை மலருக்காகத் தேடினேன். புதுக் கட்டடத்துக்கு மாறியபோது பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விட்டனவாம். மேலே உள்ள வரிகள் அக்காவின் நினைவிலிருந்து. ஒரு எழுத்துகூடத் தடுமாறாமல் சொன்னார்.]

மூன்றாம் வருடம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. அளவுக் கருவி செய்கிற ஒரு நிறுவனம் கோடே இல்லாத கனமான தகடு ஒன்று கேட்டது. இருபத்தாறு நாள் நிற்காத ரன். அது சரியாக வந்தால் மோதிரக் கல்லோடு நின்றுவிடாமல் அடுத்த வாசல் திறக்கும். அதே வாரத்தில் பம்ப்காரருக்கு வேறு ஊரில், பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இந்த ரன் முடியும்வரை இருக்கிறேன், முடிந்த அன்று கிளம்புகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

ரன்னின் பன்னிரண்டாம் நாள் குறிப்புக் கட்டத்தில் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்: “போகட்டுமா? சொல்லவும்.”

அவள் அன்று முழுவதும் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணி நேரம். என்ன எழுதினாலும் அது பதிவேட்டில் இருக்கும். ‘வேண்டாம்’ என்று எழுதிவிட்டு, அவர் ‘ஏன்’ என்று கேட்டுவிட்டால்? இரண்டு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பேனாவை எடுத்து எழுதினாள்: “உங்கள் விருப்பம்.”

“எழுதினது தப்புன்னு மை காயறதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு” என்றார் அக்கா. “ஆனா பதிவேட்டுல அடிச்சுத் திருத்தக் கூடாதுன்னு ரூல் இருந்துச்சு.”

5

பத்தொன்பதாம் நாள், மதியம் இரண்டு மணி.

அவள் எண்களை வாசித்தாள், அவர் சரிபார்த்தார். அவள் கையெழுத்துப் போட்டாள், அவர் கையெழுத்துப் போட்டார். குறிப்புக் கட்டம் ஒரு வாரமாகக் காலியாக இருந்தது. பட்டை தீட்டுபவர் வழக்கம்போலக் கை கழுவப் போய்விட்டார். பம்ப்காரர் பின்கட்டில் குளிர்நீர் இயந்திரத்தைப் பார்க்கப் போனார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

இங்கே ஒரு பெரிய மனப்போராட்டம் எழுதலாம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். அப்படி எதுவும் இல்லை. அவள் போட்டது ஒரு கணக்கு. இன்னும் ஏழு நாளில் ரன் முடிகிறது, அவர் போகிறார். இப்போது நின்றுவிட்டால் கோடு விழும், தகடு உதவாது, மறுபடி முதலிலிருந்து இருபத்தாறு நாள். வாக்குக் கொடுத்தவர், இருப்பார். அதற்குள் அந்தக் கட்டத்தில் சரியான வார்த்தையை எழுதிவிடலாம்.

மின்சக்திக் குமிழைப் படிப்படியாக இறக்கினாள். ஒரேயடியாக அணைத்தால் சூட்டில் இருக்கும் தகடு விரிசல் விடும். அதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. ஊதா உருண்டை சுருங்கிச் சுருங்கி, ஒரு பட்டாணி அளவாகி, அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், எப்போதாவது போகிறதுதானே.

அப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள். ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன.

மூன்றில் மட்டும் நின்றுபோகிற கரண்ட் எது? மூன்று மட்டும் நின்றால் அது பம்ப் பழுது. பம்ப் என்றால் பம்ப்காரர். அதுவும் அவர் கையெழுத்துப் போட்ட பிறகு. கையெழுத்து விழுந்த நிமிடத்திலிருந்து எது நடந்தாலும் போட்டவர் பொறுப்பு என்பது அந்த ஃபேக்டரியில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அவள்தான் அந்தச் சட்டத்தைப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள். நாட்களை எண்ணியவள் நிமிடத்தைப் பார்க்க மறந்துவிட்டாள்.

அவர் பின்கட்டிலிருந்து வந்தார். “அணைஞ்சுபோச்சு” என்று மட்டும் சொன்னாள். அவர் நேராக இயந்திரத்துக்கு ஓடினார். வால்வைத் திருகினார், அவள் அளவியைப் படித்தாள். அவர் வாயுவை விட்டார், அவள் சக்தியை ஏற்றினாள். ஒருவர் சொல்லும் முன் மற்றவர் கை நீண்டது. பதினோராம் நிமிடத்தில் ஊதா உருண்டை மறுபடி வந்து நின்றது. இரண்டு பேர் முகத்திலும் அந்த வெளிச்சம்.

“அந்தப் பதினோரு நிமிஷம்தான் தம்பி நாங்க சேர்ந்து வேலை பார்த்தது. அவ்வளவு பெரிய தப்பைப் பண்ணிட்டு நிக்கிறேன், ஆனா சந்தோஷமா இருந்துச்சு. இதை எப்படி எழுதுவீங்களோ தெரியாது.”

எனக்கும் தெரியவில்லை. அவர் சொன்னதையே போட்டுவிட்டேன்.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தபோது பம்ப்காரர் முந்திக்கொண்டார். பம்பில் லீக், என் கவனக்குறைவு என்றார். மின்சக்தியைக் கோடாக வரைந்துகொண்டே போகும் காகிதச்சுருளை முதலாளி கேட்டார். சுருள் சிக்கிக் கிழிந்துவிட்டது என்றார். முதலாளி கத்தவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார். அது கத்தலைவிட மோசமாக இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், இவர் எப்படியும் இருபத்தாறு நாள் இருப்பார் என்று நினைத்தாள்.

அவர் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார். பழுதாக்கியவன் எந்த முகத்தோடு மறு ரன்னுக்கு நிற்பது என்றாராம்.

மறு ரன்னை அவளும் புதிதாக வந்த ஒரு பம்ப்காரரும் ஓட்டினார்கள். நிற்கவே இல்லை. கோடே இல்லாத தகடு. வாடிக்கையாளர் ஒரு மாதம் பொறுத்திருந்து வாங்கிக்கொண்டார். கம்பெனி அதில் எழுந்ததுதான், இன்று இருநூற்று நாற்பது. புதியவர் ஒழுங்கானவர். குறிப்புக் கட்டத்தில் இருபத்தாறு நாளும் ஒரே வரி எழுதினார்: “ஏதுமில்லை.”

6

(இது முன்பு கடைசிப் பகுதியாக இருந்தது. பிறகு நடந்ததைப் படித்தால் ஏன் மாறியது என்று தெரியும்.)

ஆண்டு விழாவுக்குப் பழைய பம்ப்காரர் வந்தார். ஐந்தாவது வரிசையில், மனைவியோடு. தலை நரைத்திருந்தது. இப்போது ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். அக்காவுக்கும் கல்யாணமாகி, மகள் கல்லூரி முடிக்கப்போகிறாள். அக்காவின் கணவர் சாதுவான மனிதர், அன்று விழாவில் நாற்காலி எடுத்துப்போட்டுக்கொண்டிருந்தார். யாருடைய வாழ்க்கையும் பாழாகிவிடவில்லை. அப்படி ஆகியிருந்தால் எனக்குக் கதை எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன் அக்காவும் பம்ப்காரரும் நின்றார்கள். நான் பத்தடி தள்ளி, மலர்க் கட்டோடு. அவர் பொத்தானை அழுத்திக் கோட்டைப் பார்த்தார். முழங்கால் வலி எப்படி என்று அக்கா கேட்டார். மகள் என்ன படிக்கிறாள் என்று அவர் கேட்டார். பிறகு என் அட்டையைப் படித்துவிட்டு, “பம்ப் பேரு நிரந்தரமா கெட்டுப்போச்சு போல” என்று சிரித்தார். அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார். சொல்லப்போகிறார் என்று எனக்கே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துப் பம்ப்காரர் கையில் மலரை நீட்டியது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. முதலாளி தூரத்திலிருந்து எனக்குச் சைகை காட்டினார், கால்கள் தானாகப் போயின. அவர் மலரைப் புரட்டினார், உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டார், போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்கப்போவதில்லை. இருபத்திரண்டு வருடம் காத்திருந்த ஒரு வாக்கியத்தின் குறுக்கே நூறு பக்க வழவழப்புக் காகிதத்தை நீட்டியவன் நான். இந்தக் கதையை எழுதுவதற்கு உண்மையான காரணம் அதுதான். முதல் பகுதியில் சொல்லியிருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது.

7

மூன்று மாதம் கழித்து, இந்தக் கதையின் முதல் வரைவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அந்த ஸ்க்ரூ டிரைவர் சமாசாரம் நிஜமா என்று கேட்கப் பம்ப்காரருக்குப் போன் செய்தேன். சின்னச் சந்தேகம்தான். அவர் பம்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். எந்தச் சத்தம் எண்ணெய், எந்தச் சத்தம் தேய்மானம் என்று வாயாலேயே செய்து காட்டினார். அக்கா சொன்னது சரி, டீ உறிஞ்சும் சத்தம் போனிலேயே கேட்டது. பிறகு அவராகவே சொன்னார்.

“சார், உங்க அட்டையில இருக்கறது தப்பு. பம்ப் லீக் இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

சுருள் சிக்கிக் கிழியவில்லை. அவர்தான் கிழித்தார். முதலாளி இறங்கி வருவதற்குள் ஒரு பார்வை பார்த்திருக்கிறார். கரண்ட் போனாலும் பம்ப் போனாலும் கோடு செங்குத்தாக விழ வேண்டும். அந்தக் கோடு படிப்படியாக இறங்கியிருந்தது. கையால் இறக்கியது, அதுவும் தகடு விரிசல் விடாமல் இறக்கத் தெரிந்த கை. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரே ஒரு கைதான் உண்டு. துண்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, பழியை ஏற்றுக்கொண்டார்.

ஏன் என்று கேட்டேன். நான் எப்படியும் போகிற ஆள், அவர் அங்கே இருக்க வேண்டியவர் இல்லையா என்றார், ஏதோ குடையை மாற்றிக்கொண்ட மாதிரி.

அக்கா ஏன் நிறுத்தினார் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். கடையில் ஏதோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“போகட்டுமான்னு கேட்டிருந்தேன் சார். ‘உங்கள் விருப்பம்’னு எழுதினாங்க. சரி, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படறாங்கன்னு நினைச்சேன். ஒரு வாரத்துல மெஷின் நிக்குது, என் கையெழுத்துக்குக் கீழ. போய்த் தொலைன்னு ஒருத்தர் இதுக்கு மேல எப்படிச் சொல்லணும்?” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “அவங்ககிட்ட இதையெல்லாம் சொல்லிடாதீங்க. நல்லா இருக்காங்க, இருக்கட்டும்.”

அக்கா உங்களைத் துரத்தவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கேன்டீனில் கொடுத்த வாக்கு வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. சொல்லமாட்டேன் என்று அவருக்கும் ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு என்னை நானே திட்டிக்கொண்டதை அச்சில் போட முடியாது.

8

முடிவு, முதல் வகை: எழுத்தாளன் வாக்கை மீறி அக்காவுக்குப் போன் செய்கிறான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்படியா நினைச்சார்?” என்று ஒரே ஒரு கேள்வி —

செய்து பார்த்தேன். மணி அடித்தது. அவர் எடுத்து “சொல்லுங்க தம்பி” என்றதும் மலர் இன்னும் ரெண்டு பிரதி வேண்டுமா என்று கேட்டேன். இருக்கிறதே போதும் என்றார்.

இரண்டாம் வகை: அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் பழுதாகிறது. கதவைத் திறந்தால் —

வேறு ஊர். நானூறு கிலோமீட்டர் தாண்டி ஃப்ரிட்ஜ் பழுது பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

மூன்றாம் வகையில் பட்டை தீட்டுபவர் எல்லாவற்றையும் வாயசைவிலிருந்தே தெரிந்துகொண்டு சேர்த்துவைக்கிறார். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. கதையில் உயிரோடு வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் இவ்வளவு தூரம் பொய் சொல்லாமல் வந்துவிட்டு இங்கே போய் ஏன் ஆரம்பிக்க வேண்டும்?

சேர்ந்துவிடுவார்கள் என்று நான் ஏங்கவில்லை. இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு மனிதர் இத்தனை வருடமாக, தான் மதித்த ஒருவர் தன்னைத் துரத்திவிட்டதாக நினைத்துக்கொண்டே பிறர் வீட்டு ஃப்ரிட்ஜ்களைக் குளிரவைத்துக்கொண்டிருக்கிறார். அதை என்னால் தாங்க முடியவில்லை. எழுதி முடித்தால் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை.

9

எனவே முடிவு எழுதப்போவதில்லை. நான் இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தவன். நீங்கள் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டில் என்றாவது ஃப்ரிட்ஜ் நின்றுபோய், ஐம்பதைத் தாண்டிய, நரைத்த தலையுடைய ஒரு மெக்கானிக் வந்தால், முன்பு வைரக் கம்பெனியில் வேலை பார்த்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆமாம் என்றால் வேலை முடிந்து அவர் கையைத் துடைத்துக்கொள்ளும்வரை பொறுத்திருங்கள். பிறகு, முகத்தைப் பார்க்காமல், எதையோ எடுத்து வைத்துக்கொண்டே சொல்லுங்கள்: அன்று நிறுத்தாமல் இருந்திருந்தால் உங்களோடு ஏழு நாள். நிறுத்தினால் இருபத்தாறு. நடுவில் இருக்கிற அந்தப் பத்தொன்பது நாளுக்காகத்தான் அவள் நிறுத்தினாள்.